செத்த பிறகு எட்டு நகர்த்தல்

செத்தவனோடு ஆடாதே என்றோ, ஆடினால் தோற்றுவிடு என்றோ பெரியப்பா சொல்வார், சரியாக நினைவில்லை.

சதுரங்கக் கழகத் தலைவர் தணிகாசலம், 1961 போட்டியில் தான் வென்ற இறுதியாட்டத்தைச் சிறப்பு மலருக்குக் கொடுத்தார். "என் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிரமாதம்னு காட்டுற ஆச்சரியக்குறி போடுய்யா. இல்லேன்னா வேலையை விட்டுப் போ."

குறிப்பெழுதும் குமாஸ்தா எபனேசர், அன்று இரு ஆட்டக்காரர்களும் தங்கள் நகர்த்தல்களைக் கைப்பட எழுதிய தாள்களை அருகருகே விரித்தார்.

"குறியை எதிராளிக்குத்தான் போடணும் ஐயா."

"தோத்தவனுக்கா?"

"அவர் தாள் இருபத்திரண்டாம் நகர்த்தலோட நிக்குது. அப்பவே பலகைமேல சாய்ஞ்சு உயிர் போயிடுச்சுன்னு நடுவர் எழுதியிருக்கார். உங்க தாள்ல மட்டும் முப்பது வரைக்கும் ஆடியிருக்கார். எதிரே இருந்து பார்த்தது நீங்கதான். காயை எடுக்கையில அவர் கை நடுங்குச்சா ஐயா?"

தலைவரின் பார்வை எதிர் நாற்காலிக்குப் போனது. அதில் யாருமில்லை. ஆனாலும் அவர் தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஆட்டத்தை இருபத்திரண்டாம் நகர்த்தலோடு நிறுத்தி அச்சிடச் சொன்னார்.