கழுதை விரட்டிய மலை

நகரத்தின் ஓரத்தில் ஒரு குட்டை இருந்தது. அங்கே காராயி என்ற எருமையும், கம்பீரன் என்ற கழுதையும், செவந்தி என்ற மைனாவும் வாழ்ந்தன. சுற்றிலும் செங்கல் சூளைகள், லாரிகள், ஆலைகள். வானத்தின் நிறமே சாம்பல்தான் என்று அவை நம்பியிருந்தன. புகையில் காராயி எப்போதும் இருமிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் மனிதர்களிடையே கொடிய தொற்றுநோய் பரவியது. எல்லோரும் வீட்டுக்குள் முடங்கினார்கள். லாரிகள் நின்றன. சூளைகள் அணைந்தன. சில நாட்களில் புகை முழுவதும் கலைந்தது.

காலையில் கண் விழித்த காராயி அலறியது. "ஐயோ! அங்கே பாருங்க! எவ்வளவு பெரிய மிருகம்! ராத்திரியோட ராத்திரியா வந்து உட்கார்ந்திருக்கு!"

மேற்கே பச்சையாக ஒரு மலை நின்றுகொண்டிருந்தது.

"பயப்படாதே! நான் விரட்டுறேன்!" என்றது கம்பீரன். மலையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது. மலை அசையவில்லை.

"பார்த்தியா? ஒரு அடிகூட முன்னால வரலை! என் குரல்னா அதுக்கு அவ்வளவு பயம்!"

காராயி நெகிழ்ந்துபோனது. நல்ல புல்லையெல்லாம் கழுதைக்கே விட்டுக்கொடுத்தது.

செவந்திக்குச் சந்தேகம் வந்தது. நேரே பறந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"அக்கா, அது மிருகம் இல்லை, மலை! நெல்லி மரமும் சுனையும் இருக்கு. அது எப்பவும் அங்கேதான் இருந்திருக்கு. புகைதான் மறைச்சிருக்கு!"

"அப்போ இத்தனை வருஷமா நான் குருடியா?" என்று சீறியது காராயி.

"கோபப்படாதீங்க அக்கா. உங்க இருமல்கூட நின்னுபோச்சே, கவனிச்சீங்களா?"

"அது பயத்துல நின்னது!"

"எதிரி தலைமேல உட்கார்ந்துட்டு வந்தவ பேச்சைக் கேட்காதே! இவ உளவாளி!" என்றது கம்பீரன்.

இரண்டும் சேர்ந்து மைனாவைக் குட்டைப் பக்கமே வரவிடாமல் துரத்தின. அது மனம் நொந்து மலைக்கே குடிபோனது.

நோய் தணிந்தது. லாரிகள் ஓடின. சூளைகள் புகைந்தன. மலை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒருநாள் காணாமலே போனது.

"ஓடிப்போச்சு! ஓடியே போச்சு!" என்று காராயி துள்ளிக் குதித்தது.

குட்டையில் மிதந்த ஆகாயத்தாமரையில் மாலை கட்டிக் கழுதையின் கழுத்தில் போட்டது. ஊர்வலமும் கிளம்பியது. 'கம்பீரன் வாழ்க!' என்று கத்த எருமை வாயைத் திறந்தது. இருமல்தான் வந்தது. மூச்சுத் திணறத் திணற இருமியது.

அதையே வாழ்த்தாக ஏற்றுக்கொண்ட கழுதை, பெருமையாகத் தலையசைத்தபடி தானும் இருமிக்கொண்டே நடந்தது.

புகைக்குப் பழகிய கண்ணுக்கு, தெளிவாகத் தெரியும் உண்மையே எதிரியாகத் தோன்றும்.