ஏழாம் கல் கிடந்த இடம்

முன்னொரு காலத்தில், மழையே எட்டிப் பார்க்காத ஒரு பாலைவனத்தில் ஏழு நெடுங்கற்கள் வட்டமாக இருந்தன. ஆறு நின்றன, ஒன்று படுத்துக் கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம்: கீழே கிடப்பது எதுவானாலும் தூக்கி நிறுத்தாமல் தாண்டமாட்டார்கள். மரநிழலில் நிம்மதியாகத் தூங்குகிறவனைக்கூட விடமாட்டார்கள்! அந்த நெடுங்கல்லை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

ஒருநாள் ஒட்டகக்காரன் ஆதன், கயிறு கட்டி ஒட்டகங்களை இழுக்கவிட்டு, ஏழாம் கல்லையும் நிமிர்த்தினான். அவ்வளவுதான்! முழங்கால்வரை அவனே கல்லாகிப் போனான். வட்டத்தின் நடுவிலிருந்து ஒரு மந்திரவாதி எழுந்து, கூடிய ஊராரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான்.

"ஏழாம் கல்லை அதோட சொந்த இடத்துல வைங்க, இவனை விட்டுடறேன். மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள வைக்கலேன்னா, இவன்தான் எட்டாம் கல்!"

ஆதனின் மனைவி வெண்ணி பதறி ஓடிவந்தாள். பழைய இடங்களைத் தோண்டிப் பார்ப்பது அவள் தொழில். ஒரு துண்டு ஓடானாலும், கிடந்த இடத்தை ஓலையில் வரைந்த பிறகுதான் தொடுவாள். "ஓட்டாஞ்சில்லுக்கு ஜாதகம் எழுதுறா" என்று ஊரே கேலி செய்யும்.

"கல்லு எங்க கிடந்துச்சுன்னு முதல்ல பாருங்க!" என்றாள். யார் கேட்டார்கள்? ஊரார் கிழக்கே குழி வெட்டிக் கல்லை நட்டார்கள். ஆதன் இடுப்புவரை கல்லானான்.

"எங்க கிடந்துச்சுன்னு பாருங்க!" என்றாள் மறுநாள். மேற்கே வெட்டி நட்டார்கள். கழுத்துவரை கல்லானான்.

"வெண்ணி, மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றான் ஆதன். சொறிந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவன் இல்லாத வீட்டை அவளால் நினைக்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள், "எங்க கிடந்துச்சுன்னு நானே பார்க்கறேன்!" என்று கடப்பாரைகளைப் பிடுங்கி எறிந்தாள். ஈச்சந்துடைப்பத்தால் மணலை மெல்லக் கூட்டினாள். நிற்கும் ஆறு கற்களின் அடியிலும் பழைய குழி இருந்தது, கல்லைச் சாயாமல் தாங்கும் முட்டுக்கல் இருந்தது. ஏழாம் கல் கிடந்த இடத்தில் குழியே இல்லை! கல்லின் நீளத்துக்கு அச்சாகக் கூழாங்கல் பரப்பி வைத்திருந்தார்கள்.

"இது விழுந்த கல்லே இல்ல! படுக்க வச்ச கல்லு! வட்டம் மூடினா இந்த மந்திரவாதி எழுந்துடுவான்னு அந்தக் காலத்து ஆளுங்க வச்ச வாசப்படி! பொழுது சாயுது, சீக்கிரம் படுக்க வைங்க!"

படுக்க வைத்தார்கள். தொப்பென்று விழுந்து கச்சிதமாகப் பொருந்தியது. மந்திரவாதி மணலாக உதிர்ந்தான். ஆதனின் கை அசைந்தது, கால் அசைந்தது. முதல் வேலையாகத் தன் மூக்கைத் தானே சொறிந்துகொண்டான். வெண்ணி சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் ஊரார் ஆளுக்கொரு ஓட்டாஞ்சில்லோடு அவள் வாசலில் வரிசையாக நின்றார்கள். "இதுக்கும் ஜாதகம் எழுதும்மா!"

இன்றும் அந்த ஊரில், நிழலில் தூங்குகிறவனிடம் குனிந்து கேட்பார்களாம்: "விழுந்தியா, படுத்தியா?" படுத்தேன் என்றால் விட்டுவிடுவார்கள். கதை சொன்ன நானும் அங்கேதான் படுத்திருக்கிறேன், எழுப்பாதீர்கள்!