மூக்குடையாத மக்ரூன்

தூத்துக்குடியில் பொய் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கையில் வேலையும் வாயில் பொய்யும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமென்றால் அதற்குக் கஸ்பார் மச்சாதுதான். கூரியர் ஆபீஸ் வாசலையொட்டி ஒரு மேஜை, தலைக்கு மேல் ஒரு கிறுகிறு மின்விசிறி, சுவரோரம் அடுக்கிய அட்டைப்பெட்டிகள், இவ்வளவுதான் அவர் கடை. வெளியூருக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் அவரிடம் கொடுத்துப் பொதிந்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். இளவயதில் துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கயிறு கட்டியவர். அந்த வேலையை விட்டுப் பல காலமாகியும் கயிறு திரிப்பதை மட்டும் அவர் விடவில்லை.

சலேத் மேரி அன்று காலை அங்கே போனது அரை மனதோடுதான். வேறு வழியில்லாமல் போனாள். இடுப்பில் அணைத்தபடி ஒரு தகர டப்பா. அதற்குள் அவளே வீட்டு ஓவனில் சுட்டெடுத்த மக்ரூன்.

மக்ரூன் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் கை கடுக்கக் கடுக்க நுரையாக அடித்து, முந்திரிப்பொடி கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் காயவிட்டு எடுப்பது. கடிக்க வேண்டாம், நாக்கில் வைத்தாலே கரைந்துவிடும். வாயில் இப்படிக் கரைகிற சாமான் வழியில் மட்டும் சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்று பலமாகத் தும்மினாலே அதன் மூக்கு போய்விடும். மூக்கு என்றால் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் குட்டி நுனி.

சலேத்தின் மகள் ரெனிட்டா நாக்பூரில் வாக்கப்பட்டிருந்தாள். சம்பந்தி வீட்டாரும் தமிழர்கள்தான். ஆனால் இரண்டு தலைமுறையாக அங்கேயே இருந்துவிட்டவர்கள், மக்ரூனைக் கண்ணால் பார்த்ததில்லை. பேரன் பிறந்த சந்தோஷத்தில் சலேத் ஒரு டப்பா அனுப்பினாள். சம்பந்தியம்மா ஃபோன் செய்து, “உங்க மாவு கெடச்சுது. பால்ல கரைக்கணுமா, வெந்நீர்லயா?” என்று கேட்டார்கள். சலேத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீம்புக்கு இன்னொரு டப்பாவை, பஞ்சு வைத்து அடைத்து அனுப்பினாள். அந்த முறை மாவோடு பஞ்சும் கலந்து போய்ச் சேர்ந்தது.

இப்போது பேரனுக்கு ஞானஸ்நானம். விருந்து மேஜையில் தாய்வீட்டு இனிப்பு இருக்க வேண்டியது முறை. நேரில் கொண்டுபோகலாமென்றால் புருஷன் காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார். சம்பந்தியம்மாவோ தன்மையாக, “நீங்க மாவு அனுப்பிச் சிரமப்படாதீங்க, இங்கயே கேக்குக்குச் சொல்லிடறோம்” என்று சொல்லிவிட்டார்கள். சண்டை போட்டிருந்தால்கூட சலேத் பொறுத்திருப்பாள். அந்தத் தன்மையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இந்த டப்பாவும் மாவாகப் போய்விட்டால் ரெனிட்டா அந்த வீட்டில் காலத்துக்கும் மாவுக்காரி மகள்தான்.

“ஒடையாமப் போயிச் சேருமா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

மச்சாது கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மனசு புண்பட்டால் அவர் அப்படித்தான் செய்வார்.

“தங்கச்சி, யாருகிட்ட வந்து என்ன கேள்வி கேக்கிய?”

“ஆரம்பிச்சிட்டாருய்யா” என்றது ஸ்டூலிலிருந்து ஒரு குரல். மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் ஆசீர்வாதம் அது. எதிர்த்த கடைக்காரர். அனுப்ப வேண்டிய பார்சல் எதுவும் அவருக்குக் கிடையாது. டீ கிளாசோடு இங்கே வந்து உட்கார்ந்து, மச்சாது சொல்வதில் ஓட்டை கண்டுபிடிப்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

மச்சாது அவரைச் சட்டை செய்யாமல் பட்டர் பேப்பரைச் சதுரம் சதுரமாக நறுக்கத் தொடங்கினார். “போன மழைக்குத் திண்டுக்கல்லுக்கு ஒரு டப்பா மக்ரூன் பஸ்ஸுல போட்டுவிட்டேன். நடு வழில பஸ் வாய்க்காலுக்குள்ள குட்டிக்கரணம் அடிச்சிட்டு. டிரைவருக்குத் தோள் எறங்கிட்டு, கண்டக்டரு விசிலு ரெண்டா மடங்கிட்டு. என் பொட்டியத் தொறந்து பாத்தா ஒரு மூக்கு நலுங்கல. அதை விடுங்க, அந்தப் பொட்டி மேல தலைய வச்சுத் தூங்கிட்டு இருந்த ஆளு, பஸ் கவுந்ததே தெரியாம திண்டுக்கல் போயித்தான் முழிச்சான்.”

“பஸ்ஸு வாய்க்கால்ல கெடக்கு. அவன் எப்படிவே திண்டுக்கல் போனான்?” என்றார் ஆசீர்வாதம்.

“பஸ்ஸு எந்திச்சுப் போச்சு.”

“தானாவா?”

“உள்ள என் பார்சல் இருக்குன்னு தெரிஞ்சா எந்திக்காதா?”

சலேத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண் மட்டும் அவர் கையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு மக்ரூனையும் அடியில் மட்டும் பிடித்துத் தூக்கி, பேப்பரில் தளர்வாகச் சுற்றி, மூக்கு மேலே பார்க்க டப்பாவில் நிறுத்திக்கொண்டிருந்தார். ஈரம் இழுப்பதற்காக அடியில் ஒரு சின்னத் துணிப்பையில் வறுத்த அரிசி வைத்திருந்தார். கை என்னவோ ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, வாய்தான் பயமாக இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸாவது பரவாயில்ல. வடக்க ஒரு ஆறு, பேரு வேண்டாம், ஆத்துக்குக் கௌரவக் கொறச்சல். ரயிலு பாலத்துல போகையில பொட்டி ஆத்துக்குள்ள விழுந்துட்டு. விழுந்த பொட்டிய ஒரு முதலை முழுங்கிட்டு. முழுங்கின முதலைக்கு மெல்லவும் முடியல, செமிக்கவும் முடியல. எத்தன பேரு சாமான முழுங்கின முதலை! என் பொட்டிகிட்ட முடியல. கடைசில கரையேறி, அட்ரஸ விசாரிச்சுக்கிட்டே போயி, அந்த வீட்டு வாசல்ல துப்பிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டு.”

“பொட்டி வயித்துக்குள்ள இருக்கு. அட்ரஸ எப்படிவே பாத்துச்சு?”

“முழுங்கறதுக்கு முன்னாலயே வாசிச்சிட்டு. முதலைன்னா உம்மமாதிரி அவசரக்குடுக்கன்னு நெனச்சீரா?”

ஆசீர்வாதத்துக்கு டீ புரையேறியது. மச்சாது அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். டப்பா நிறைந்தது. மூடி போட்டு, மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினார். அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு சாக்கிலிருந்து பொரியை அள்ளிக் கொட்டினார். சாதாரண அரிசிப் பொரி, கடையில் விற்கிற பொரிதான்.

“பொரியா?” என்றாள் சலேத்.

“பஞ்சு அமுங்கினா எந்திக்காது தங்கச்சி. பொரி எந்திக்கும். இந்தப் பொரிய நம்பி நான் என்னெல்லாம் அனுப்பிருக்கேன் தெரியுமா? கேரளாவுல ஒரு யானை, அம்பாரி ஏத்தறதுக்கு எட்டலன்னு என் பொட்டிய ஸ்டூலாப் போட்டு ஏறி நின்னுச்சு. திருவிழா முடியற வரைக்கும் எறங்கல. இப்ப அதுக்கு வேற எதுமேல ஏறினாலும் காலு வலிக்காம்.”

“யானை பொட்டி மேல நின்னா அம்பாரி ஏத்தறவனுக்கு இன்னும்தான் எட்டாது” என்றார் ஆசீர்வாதம்.

“அவனுக்கு ஒரு பொட்டி போட்டாங்கவே.”

யானையிலிருந்து மச்சாது இறங்கவில்லை. அங்கிருந்து நேரே ஆகாயத்துக்கு ஏறினார். “ஒரு வெளிநாட்டுக்காரன், எந்த நாடுன்னு சொன்னா சண்ட வரும், ராக்கெட்டோட மூக்குல வைக்கறதுக்கு ஏதாவது ஒடையாத சாமான் வேணும்னு தேடித் தேடி எங்கிட்ட வந்தான். மக்ரூன் டப்பா ஒண்ணப் பொதிஞ்சு குடுத்தேன். மேல போச்சு, பூமிய ஒரு சுத்து சுத்துச்சு. எறங்கையில ராக்கெட்டு எரிஞ்சு சாம்பலாயிட்டு. என் டப்பா மட்டும் நம்ம முயல்தீவுப் பக்கம் கடல்ல வந்து விழுந்துச்சு. தொறந்தா, மக்ரூன் அந்தச் சூட்டுல ரெண்டாந்தடவ வெந்து, மொதல்ல விட மொறுமொறுன்னு—”

“போதும் அண்ணாச்சி!”

சலேத் மேஜை மேலிருந்த டப்பாவைச் சட்டென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. “நான் எம்மவ மானத்தக் கொண்டாந்து ஒங்க முன்னால வச்சிருக்கேன். நீங்க ராக்கெட்டு விட்டுக்கிட்டு இருக்கிய. அந்த வீட்டுல அவள மாவு மாவுன்னு கிண்டல் பண்ணுதாவ. எனக்கு முதலையும் வேண்டாம், யானையும் வேண்டாம். இது முழுசாப் போகுமா போகாதா, அத மட்டும் சொல்லுங்க.”

ஆசீர்வாதம் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். மச்சாதுவின் முகம் தொங்கிப் போனது.

“தங்கச்சி, அழாதிய. இதுவரைக்கும் சொன்னதுல கொஞ்சம் கூடக் கொறய இருக்கும், நான் இல்லங்கல. இப்பச் சொல்லப் போறது மட்டும் சத்தியம்.”

“சொல்லுங்க” என்றாள் சலேத் மூக்கை உறிஞ்சியபடி.

“ஒரு சின்னப் பிள்ள டெல்லிக்குப் போனதும் சோப்புக்குமிழி விளையாட்டு ஞாபகம் வந்து அழுதுச்சாம். அது தாத்தா இங்க ஒரு குமிழி ஊதி எங்கிட்டக் கொண்டாந்தாரு. பொதிஞ்சு அனுப்பினேன். போயிச் சேந்த பெறகு அத ஒடைக்க முடியாம ஊசி, ஆணி, சுத்தியல்னு எல்லாத்தையும் எடுத்துப் பாத்திருக்காவ. இப்பவும் அது அந்த வீட்டு ஷோகேஸ்லதான் இருக்கு.”

இந்த மனிதரிடம் கோபப்பட்டும் பிரயோஜனமில்லை, அழுதும் பிரயோஜனமில்லை. வேறு ஆளும் ஊரில் கிடையாது. டப்பாவை மறுபடி மேஜையில் வைத்தாள்.

மச்சாது அதற்குப் பிறகு கதை எதுவும் எடுக்கவில்லை. டப்பாவைப் பொரியின் நடுவில் இறக்கினார். நாலு பக்கமும் பொரி, மேலேயும் பொரி. பெட்டியை மூடிக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது. திறந்து இன்னும் ஒரு பிடி பொரி போட்டார். மறுபடி ஆட்டினார். இப்போது சத்தமில்லை. அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டி ஒன்றுக்குள் வைத்து, அதையும் பொரியால் நிரப்பி, கப்பல் சரக்குக்குக் கட்டுகிற மாதிரி கயிறு போட்டு இறுக்கினார்.

“மெதுவா எடுக்கவும்னு மேல எழுதலையா?” என்று கேட்டாள் சலேத்.

“எழுதக் கூடாது. எழுதினா, எவ்வளவு மெதுவா எடுக்கலாம்னு தூக்கிப் போட்டுப் பாப்பான்.”

பார்சலைப் பதிவு செய்து முடிக்கவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சாமான் ஏற்றுகிற ஆள், சலேத்தின் பெட்டியை ஒரு கையால் தூக்கி, ஒரு வீசு வீசி, வேனுக்குள் எறிந்தான். பெட்டி உட்சுவரில் மோதி, ஒரு சைக்கிள் டயர் மேல் விழுந்து, துள்ளி, தலைகீழாகக் கவிழ்ந்தது. அதன் மேல் ஒரு ஃபேன் பெட்டி வந்து விழுந்தது.

“மாதாவே!” என்று சலேத் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மச்சாதுவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மேஜைக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“கொசு” என்றார் மச்சாது. “கண்ணுல விழுந்துட்டு.”

அதற்குப் பிறகு சலேத் பட்ட பாட்டை அவள் புருஷனைக் கேட்டால்தான் தெரியும். கஞ்சியில் உப்புக்குப் பதில் சீனியைப் போட்டுக் கொடுத்தாள்; அவரும் உடைந்த காலோடு வாயைத் திறக்காமல் குடித்தார். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் மாவு, மாவு என்றே அவள் காதில் விழுந்தது. ஞானஸ்நானத்தன்று மத்தியானம் நாக்பூரிலிருந்து ஃபோன் வந்தபோது எடுக்கவே பயந்து, மூன்றாம் முறை அடித்த பிறகுதான் எடுத்தாள்.

“சம்பந்தி!” என்றார்கள் சம்பந்தியம்மா. குரலுக்குப் பின்னால் ஒரே சத்தம். “ஒண்ணுகூட உடையலை சம்பந்தி! இது இவ்வளவு அழகா கோபுரம் மாதிரி இருக்கும்னு எங்களுக்கு இப்பத்தானே தெரியுது! கேக்கை ஒருத்தரும் தொடலை. ஃபாதர் நாலு எடுத்துக்கிட்டார். கூட வச்சிருந்தீங்களே அந்தப் பொரி, அதுவும் பிரமாதம். அதையும் தட்டுல வச்சுப் பரிமாறிட்டோம்.”

ரெனிட்டா ஃபோனைப் பிடுங்கினாள். “அம்மா, பொரி திங்கறதுக்கில்லன்னு நான் சொல்றதுக்குள்ள காலி பண்ணிட்டாங்கம்மா” என்று சிரித்தவள், சிரிப்பு நடுவிலேயே அழுதுவிட்டாள். இங்கே சலேத்தும் அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

புடவையைக்கூட மாற்றாமல் மச்சாது கடைக்கு ஓடினாள். அங்கே மச்சாது ஒருத்தருடைய ஊறுகாய் பாட்டிலைப் பொதிந்துகொண்டு, தான் கட்டிய பார்சல் ஒன்றை மின்னல் அடித்ததையும், அதில் மின்னல் உடைந்து போனதையும் விவரித்துக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் ஸ்டூலில் இருந்தார்.

“அண்ணாச்சி!” என்றாள் சலேத் மூச்சிரைக்க. “போயிச் சேந்துட்டு! ஒண்ணுகூட ஒடையல!”

மச்சாதுவின் கை நின்றது. வாயும் நின்றது.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“மூக்கு?”

“எல்லா மூக்கும் அப்படியே இருக்காம்.”

மச்சாது கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ஆசீர்வாதத்தைப் பார்த்தார், ஊறுகாய்க்காரரைப் பார்த்தார். பிறகு சலேத் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உண்மையான கவலையோடு சொன்னார்:

“நாலு மூக்காவது போயிருக்கும் தங்கச்சி. புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?”