ஊர் கேட்கும் வால்வு

"எனக்குச் சத்தம் வேணும் அம்மணி. அரை மைல் தூரத்துக்குக் கேக்கோணும்."

செங்கோடன் இதைச் சொன்னபோது நிலோஃபர் ஒரு காரின் அடியில் படுத்திருந்தாள். வெளியே அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

சிங்காநல்லூர்ப் பக்கம் டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அவள்தான் வாத்தியார். வயது முப்பத்து நாலு. செங்கோடனுக்கு ஐம்பத்து மூன்று. பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவர். வேலை போன மறுநாளே இந்தப் பட்டறைக்கு வந்து, "எனக்குத் தொழில் சொல்லித் தாங்க" என்று நின்றார். நாலு மாதமாகத் தினமும் வருகிறார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வார். நடுநடுவே கம்பெனியைத் திட்டுவார்.

திட்டுவதுதான் அதிகம்.

"என் வண்டியில டர்போ காத்தைத் தெறந்து விடுற டம்ப் வால்வு கிழிஞ்சு போச்சுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? புதுசு போடுங்க. சத்தம் போடுறதாப் போடுங்க."

அவள் நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தாள்.

"ஆருக்குக் கேக்கணும்?"

"பத்ரிக்கு."

பத்ரி அந்தக் கம்பெனியின் மேனேஜர். செங்கோடனை வெளியே அனுப்பியவர்.

"காலைல ஒன்பது மணிக்கு அவன் கார் கேட்டுக்குள்ள நுழையும். நான் அந்நேரம் பின்னாலயே போய், ஓங்கி மிதிச்சு, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுப்பேன். அவனுக்கு நெஞ்சு அதிரோணும். தினமும் அதிரோணும்."

நிலோஃபர் கையைக் கழுவினாள். உள்ளே போய் மூன்று சாமான்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

முதலாவது, ஒரு டர்போவின் சக்கரம். அதன் இதழ்கள் எலி கடித்தது போல ஓரமெல்லாம் உடைந்திருந்தன.

"வண்டி ஓடறப்ப டர்போ காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளுது. படக்குன்னு கால எடுத்தா இஞ்சின் வாசல் மூடிக்கும். அமுக்குன காத்து எங்க போகும்?"

"போக எடமில்லாம திரும்பி வந்து அடிக்கும்."

"வால்வே வேண்டாம்னு அடைச்சுட்டு ஓட்டுனவரோட சக்கரம் இது."

அவர் அதைத் தள்ளி வைத்தார்.

இரண்டாவது ஒரு சிவப்பு வால்வு. பளபளவென்று, முன்னால் அகன்ற வாயோடு இருந்தது.

"இது அந்தக் காத்தை வெளிய துப்பும். நீங்க கேக்கற சத்தம் இதுலதான் வரும்."

மூன்றாவது கறுப்பு. பளபளப்பும் கிடையாது, வாயும் கிடையாது. இரண்டு பக்கமும் குழாய் மாட்டுகிற மூக்கு மட்டும்.

"இது காத்தைத் திருப்பி டர்போவுக்கே கொண்டுபோய் விடும்."

"சத்தம்?"

"இருக்காது."

செங்கோடன் புறங்கையால் கறுப்பை ஒதுக்கினார். சிவப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"உங்க வண்டிக்கு அது ஒத்துவராதுங்ணா" என்றாள் நிலோஃபர். "உள்ள வர்ற காத்தை உங்க இஞ்சின் முதல்லயே அளந்துரும். அளந்ததுக்குத் தக்கன பெட்ரோல் ஊத்தும். நீங்க பாதி வழியில காத்தை வெளிய துப்பிட்டா அதுக்குத் தெரியாது. இல்லாத காத்துக்கும் சேத்து ஊத்தும். திணறும். நின்னாலும் நின்னு போகும்."

"சத்தம் வருமா வராதா?"

"வரும்."

"அப்பறம் என்ன?"

அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

*

மறுநாள் ஒன்பது மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது.

பத்ரியின் வெள்ளைக் கார் கம்பெனி கேட்டுக்குள் திரும்பியது. காலை ஷிப்ட் ஆட்கள் கும்பலாக நடந்துகொண்டிருந்தார்கள். செங்கோடன் இரண்டாவது கியரில் மிதித்தார். இஞ்சின் உறுமி ஏறியது. நாலு மாதத்துக் கோபமும் வலது காலில் இருந்தது.

கேட்டுக்கு நேராகக் காலை எடுத்தார்.

புஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். சாலையோர நாய்கள் எழுந்து ஓடின. நூறு தலைகள் திரும்பின.

அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

அடுத்த நொடி வண்டி இருமியது. பின்னால் கரும்புகை கக்கியது. ஒரு தடவை உதறிக்கொண்டு, சரியாகக் கேட்டுக்கு முன்னாலேயே நின்றுபோனது.

சாவியைத் திருப்பினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. பின்னால் இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்தன.

பத்ரி காரிலிருந்து இறங்கினார். போனில் பேசிக்கொண்டே, யாருடைய வண்டி என்றுகூடப் பார்க்காமல், "அதைத் தள்ளி ஓரமா விடுங்கப்பா" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏழெட்டுப் பேர் வந்து தள்ளினார்கள். எல்லோரும் செங்கோடனிடம் வேலை கற்றவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஓரம் கட்டியதும் மற்றவர்கள் போய்விட்டார்கள். நாச்சிமுத்து மட்டும் நின்றான். பதினோரு வருடம் அவர் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அன்னைக்குக் கேன்டீன்ல எதுக்குங்ணா அப்படிக் கத்துனீங்க? சாம்பார் சரியில்லைன்னு தட்டை வீசுனீங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நான் நம்பலை. நீங்க சாம்பாருக்குக் கோபப்படற ஆள் இல்லையே."

செங்கோடன் பானெட்டைத் தூக்கி அதற்குள் குனிந்துகொண்டார்.

*

பெட்ரோல் காய்ந்து வண்டி மறுபடி கிளம்பி, பட்டறைக்கு வந்து சேர மத்தியானம் ஆனது. வண்டியை நிறுத்தினார். பானெட்டைத் தூக்கினார். சூட்டோடு சூடாகச் சிவப்பு வால்வைக் கழற்றித் தரையில் விட்டெறிந்தார். அது உருண்டு போய் நிலோஃபரின் காலடியில் நின்றது.

"வண்டி நிக்கும்னு உனக்குத் தெரியும்."

நாலு மாதத்தில் அவர் அவளை 'நீ' என்றது அதுவே முதல் தடவை.

"தெரியும்."

"தெரிஞ்சே மாட்டுன."

"சொன்னேன். அப்பறம்தான் மாட்டுனேன்."

"ஊரே பாக்க நடுரோட்டுல நிக்க வெச்சுட்ட. சாம்பாராம். சாம்பாருக்குக் கத்துனனாம். இருபத்திரண்டு வருசம் ரத்தம் சிந்துன எடத்துல சாம்பாருக்குக் கத்துன பைத்தியக்காரன்னு பேரு. அவன் திரும்பிக்கூடப் பாக்கலை. அந்த நாய் திரும்பிக்கூடப் பாக்கலை."

அவர் கத்திக்கொண்டே போனார். பத்ரியின் பிறப்பைத் திட்டினார். கம்பெனி கேட்டைத் திட்டினார். நிலோஃபரை, டர்போ கண்டுபிடித்தவனை, கடைசியில் தன்னையே திட்டினார். மேசையை ஓங்கிக் குத்தினார். விரல் முட்டியில் தோல் கிழிந்தது.

அவள் தடுக்கவில்லை. மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது கேட்டாள்.

"எதுக்குங்ணா கத்துனீங்க, அன்னைக்கு?"

"என்ன கிண்டலா?"

"நெசமாத்தான் கேக்கறேன். நாலு மாசமா தினமும் இங்க கத்தறீங்க. பத்ரி எப்படிப்பட்டவன்னு எனக்கு மனப்பாடம். என்ன செஞ்சான்னு நீங்க இன்னும் சொல்லலை."

செங்கோடன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

அங்கிருந்தபடியே சொன்னார். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கிற சீல் ஒரு தடவை மட்டமாக வந்தது. அது போட்ட பம்புகளை அவர் சோதித்தார். பத்தில் இரண்டில் தண்ணீர் கசிந்து, பம்பின் உடம்பிலேயே கரண்ட் பாய்ந்தது. எந்த இரண்டு என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈரக் காலோடு தொட்டால் ஆள் போய்விடுவான். நூற்று நாற்பது பம்பையும் ஒதுக்கி வைத்தார். பத்ரி, செங்கோடன் இல்லாத நாளில், அவர் கையெழுத்தைத் தானே போட்டு, அத்தனையும் மூலனூர், தாராபுரம் பக்கம் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில்தான் செங்கோடனுக்கு விஷயம் தெரிந்தது.

"கேன்டீன்ல என்ன சொன்னீங்க?"

அவர் யோசித்தார். அன்று பத்ரியின் அம்மாவை இழுத்துத் திட்டியிருந்தார். அவன் வழுக்கையைச் சொல்லியிருந்தார். தட்டை வீசியிருந்தார்.

"பம்புன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

நிலோஃபர் எழுந்தாள். கறுப்பு வால்வை எடுத்து அவர் வண்டியில் மாட்டினாள். கிளிப்புகளை இறுக்கினாள். சாவியை நீட்டினாள்.

"ஓட்டிப் பாருங்க."

அவர் ஒரு சுற்று போய் வந்தார். மிதித்தார், விட்டார், மிதித்தார். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் விட்ட காலை மறுபடி வைத்த கணமே வண்டி முன்னால் பாய்ந்தது.

"இது வேலை செய்யுதா, இல்லையா? ஒண்ணுமே கேக்கலையே."

"இப்ப எங்க போறீங்க?" என்றாள் அவள்.

அவர் வண்டியைத் திருப்பினார். வீட்டுப் பக்கமும் திருப்பவில்லை, கம்பெனிப் பக்கமும் திருப்பவில்லை.

*

மூலனூர்ப் பம்புக் கடைக்காரர் பெயர் அர்த்தநாரி. செங்கோடன் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கம்பெனி ஆளுங்க சொன்னாங்க. சோத்துத் தட்டை வீசிட்டு வேலை போனவர்னு. அது நீங்கதானா?"

செங்கோடனுக்குக் காது சூடானது. நாக்கு நுனியில் ஐந்தாறு வார்த்தைகள் வந்து நின்றன.

"நானேதானுங்க" என்றார். "ஒரு வாளி தண்ணி கெடைக்குங்களா? ஒரு கரண்ட் டெஸ்டரும்."

கடையில் அந்தப் பம்பு நாலு மீதம் இருந்தது. முதல் பம்பை மரப்பலகைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றி, ஊற விட்டு, கரண்ட் கொடுத்து, டெஸ்டரை வைத்தார்.

ஒன்றும் எரியவில்லை.

இரண்டாவதிலும் எரியவில்லை.

"போதுங்க" என்றார் அர்த்தநாரி. "நீங்க பத்ரி சார்மேல இருக்கற காந்தலைக் கொண்டாந்து என் கடையில கொட்டறீங்க. எடத்தைக் காலி பண்ணுங்க."

"இன்னும் ரெண்டு இருக்குதுங்க."

"கெளம்புய்யா."

செங்கோடன் மூன்றாவது பம்பைத் தூக்கிப் பலகைமேல் வைத்தார். தண்ணீர் ஊற்றினார். ஊற விட்டு, கரண்ட் கொடுத்தார். அர்த்தநாரி பம்பைப் பிடுங்க நெருங்கினார்.

"தொடாதீங்க."

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கை பாதியில் நின்றது.

டெஸ்டரை வைத்தார். அதன் தலையில் சிவப்பாக விளக்கு எரிந்தது.

அர்த்தநாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறி, மறுபடி சிவந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பத்ரியைக் கூப்பிட்டார். மறுமுனை எடுக்கக்கூட இல்லை, அதற்குள் இவர் கத்த ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுத் தோட்டத்திலேயே இது ஓடுதேடா, என் சம்சாரம் தினமும் ஈரக்காலோட நிக்கறாளேடா என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

செங்கோடன் எட்டி, அவர் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி, அழைப்பைத் துண்டித்தார்.

"அப்பறமாக் கத்திக்கலாங்க. மொதல்ல வீட்டுக்குப் போன் போடுங்க. அப்பறம், ஆரு ஆரு வாங்குனாங்கன்னு பேரைச் சொல்லுங்க."