இறங்காத புத்தகம்

ரொம்பக் காலத்துக்கு முந்தி நடந்தது இல்லை இது. போன தை மாசம், கோபிப் பக்கம் நடந்தது.

சாந்தாமணியம்மா வீட்டுக் கூடத்துக்குக் காலையில் கொஞ்சம் பேர் வருவார்கள். அவர் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார். பிறகு எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஊரில் அவரைக் குரு என்றார்கள். அவர் அதை ஒத்துக்கொண்டதும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை.

சீடர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட அவருக்கு வயது அதிகம். அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணா என்பார்.

அன்றைக்கு எல்லாரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை.

"ஒரு சந்தேகமுங்கம்மா."

"கேளுங்கண்ணா."

"புஸ்தகம் எறங்க மாட்டீங்குது."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இன்னொரு சீடர் ரங்கநாயகி திரும்பிப் பார்த்தாள். "ஏனுங் மாமா, நீங்க உக்காந்த தோரணைக்கு மோட்சத்தைப் பத்திக் கேப்பீங்கன்னு நின்னேன்."

"மோட்சத்துக்கு அவசரமில்லை சாமி. சனிக்கிழமை பாப்பா வர்றா."

பாப்பா என்பது அவர் மகள் கோகிலவாணி. புனேயில் வேலை. ஒரு நாவல் எழுதியிருந்தாள். அது அச்சில் வரவில்லை, மின்புத்தகமாக மட்டும் வந்தது. அங்கிருந்தபடியே ஒன்றை வாங்கி அப்பாவின் கணக்கில் போட்டிருந்தாள். இவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கி இறக்கிக்கொண்டால் போதும்.

"அமுத்தறேன். வட்டமா சுத்துது. சுத்திச் சுத்தி, பதிவிறக்கம் தோல்விங்குது. மோடத்தைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகினேன். நெட்டுக்காரனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். தூசி தட்டினேன். திருநீறு கூட வெச்சுப் பாத்துட்டேன்."

"சனிக்கிழமை அவங்களே வந்து எறக்கிக் குடுக்கட்டுமே," என்றார் குரு.

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"படிச்சீங்களாப்பான்னு போன்ல கேட்டா. படிச்சேன் கண்ணு, அருமையா இருக்குதுன்னுட்டேன்."

"அப்புறம்?"

"எந்த எடம் புடிச்சுதுன்னு கேட்டுட்டா."

"என்ன சொன்னீங்க?"

"அடுப்புல பால் பொங்குதுன்னு வெச்சுட்டேன்."

ரங்கநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குருவுக்கும் சிரிப்பு வந்தது. நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

"நேர்ல வந்து கேட்டா எந்தப் பாலைப் பொங்க வெக்கறதுங்கம்மா? பொய்யின்னு தெரிஞ்சா ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா இனி எதை எழுதுனாலும் எங்கிட்டக் காட்ட மாட்டா."

குரு எழுந்து முந்தானையைச் சரி செய்தார். "வாங்க, போய்ப் பாக்கலாம்."

நாச்சிமுத்து வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. வாசலில் கழுவித் துடைத்த ஒரு லேடீஸ் சைக்கிள் நின்றது. இரண்டு சக்கரத்திலும் புதுக் காற்று.

"பாப்பாவுதுங்க. வந்தா ஓட்டுவா. தேன் மிட்டாயும் வாங்கி வெச்சிருக்கறேன்."

கம்ப்யூட்டர் உள் அறையின் மூலையில் இருந்தது. பூப்போட்ட துணி உறை, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்தது. உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். உள்ளே காற்றாடி கிர்ரென்று கிளம்பியது. திரை மெதுவாக வெளுத்து, அதில் ஒரு வாத்துக் குஞ்சுப் படம் வந்தது.

"பாப்பா வெச்ச படமுங்க. பத்தாவதுல நல்ல மார்க்குன்னு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் குடுத்தேன். ஒரு காலை மடிச்சு இந்த நாற்காலிலதான் உக்காருவா. காலைத் தொங்கப் போடு புள்ளேன்னு அவங்கம்மா தெனமும் கத்துவா. கத்தறதை நிறுத்தவும் மாட்டா, இவ தொங்கப் போடவும் மாட்டா. மோடத்துல பச்சை வெளக்கு வந்தா, அப்பா, நெட்டு வந்துருச்சுன்னு இங்கிருந்தே கூவுவா. நான் தோட்டத்துல இருந்து என்னன்னு கேப்பேன்."

சொல்லிவிட்டுப் புத்தகப் பொத்தானை அமுக்கினார். வட்டம் சுற்றியது. சுற்றி நின்றது. தோல்வி என்று வந்தது.

"பாத்தீங்களா?"

குரு அதைப் பார்க்கவில்லை. திரையின் கீழ் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல தேதி வேற என்னமோ இருக்குதுங்களே?"

"அதுங்களா? அது அப்படித்தானுங்க. உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்குமாமுங்க. அது செத்துப்போச்சு. நிறுத்தி நிறுத்திப் போடறப்பல்லாம் ரெண்டாயிரத்துப் பத்து ஜனவரி ஒண்ணுன்னு காட்டும். கடைக்காரரு மாத்தித் தர்றேன்னாரு. நாந்தான் இருக்கட்டும்னுட்டேன்."

"ஏனுங்கண்ணா?"

அவர் உறைத் துணியை எடுத்து மறுபடி மடித்தார்.

"சாயங்காலம் இதைப் போட்டுட்டு உக்காந்தா, அந்தத் தேதி தெரியும். பாப்பா ட்யூசன் போயிருக்கறா, இப்ப வந்துருவான்னு இருக்கும். அவங்கம்மா பின்னால பாத்திரம் தேய்க்கற மாதிரி இருக்கும். வேற ஒண்ணுமில்லீங்க."

குரு திரையில் தேதியைத் தொட்டுக் காட்டினார். பிறகு கேட்டார்.

"இந்தத் தேதில பாப்பா என்ன படிச்சாங்க?"

"பதினொண்ணாவது."

"இந்தப் புஸ்தகத்தை எழுதிட்டாங்களா?"

"அதெப்படிங்க, போன வருசந்தானே எழுதுனா."

"அப்பறம் இது எங்கிருந்து எடுத்துக் குடுக்கும்?"

நாச்சிமுத்து சிரித்தார். நல்ல வேடிக்கை என்றார். சிரிப்பு முடிந்ததும் கடைக்காரருக்குப் போன் போட்டு, தேதிக்கும் புத்தகத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டார். அந்தப் பக்கம் குரல் பலமாகக் கேட்டது. "அண்ணா, அதைத்தானுங்க அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தேதி தப்பா இருந்தா புஸ்தகம் குடுக்கற அந்தப் பக்கத்துக்காரன் உங்களை நம்ப மாட்டான். கதவையே தொறக்க மாட்டான். தேதியை மாத்திட்டு அமுத்துங்க."

போனை வைத்தார். தேதிப் பெட்டியைத் திறந்தார். வருஷத்துக்குப் பக்கத்தில் மேல் பார்த்த ஒரு சின்ன அம்புக்குறி. ஒரு அமுக்குக்கு ஒரு வருஷம் ஏறும்.

கை மவுஸின் மேலேயே இருந்தது.

"அமுத்துங்கண்ணா," என்றார் குரு.

அமுக்கினார். "இது ப்ளஸ் டூ. பரீட்சையன்னைக்குக் காய்ச்சல். நாந்தான் ஸ்கூல் வாசல்லயே உக்காந்திருந்தேன்."

அமுக்கினார். "இது காலேஜ். கோயமுத்தூரு ஹாஸ்டல். பெட்டி தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வந்தோம். வர்றப்ப பஸ்ஸுல நாங்க ரெண்டு பேரும் பேசவே இல்லை."

அமுக்கினார். அமுக்கினார். ஒரு வருஷம் வந்ததும் "இதுல அவங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

அதற்கடுத்த வருஷத்தில் கை நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்டீங்க?"

"இதுல பாப்பா புனே போனா. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. தீவாளி, பொங்கல், போன். சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டேன் கண்ணு. அவ்வளவுதான். இந்த வருசத்துக்கெல்லாம் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லை."

"தெரியாத வருசத்தையும் அமுத்தித்தான் ஆகணும்."

அவர் அமுக்கினார். இப்போது எதுவும் சொல்லவில்லை. வருஷங்கள் டக் டக்கென்று ஏறின. இந்த வருஷம் வந்ததும் நிறுத்தி, மாதத்தையும் தேதியையும் சரி செய்தார்.

புத்தகப் பொத்தானை அமுக்கினார். வட்டம் சுற்றியது. பிறகு ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது.

"வந்துருச்சு!" என்றார் நாச்சிமுத்து. குருவைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் தோட்டம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூவினார்.

அட்டையில் கோகிலவாணி என்று போட்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.

"பள்ளிக்கூட மலர்ல பாப்பா அணில் கதை எழுதுவாளுங்கம்மா. அணிலு ஸ்கூலுக்குப் போற மாதிரி. இதுவும் அப்படித்தான் இருக்கும்."

படித்தார். உதடு அசைந்தது. கதையில் ஒரு பெண் வாடகை வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இருந்தது. யாரைக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பா என்று இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். அவர் பயந்துபோய்விடுவார் என்று தாண்டிப் போனாள். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, விடியட்டும் என்று சுவரில் சாய்ந்தாள்.

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அதே பக்கத்தை இன்னொரு தரம் படித்தார்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"இது பாப்பா எழுதுன மாதிரியே இல்லீங்க. வேற யாரோ எழுதுன மாதிரி இருக்குது."

குரு வாசல் பக்கம் நடந்தார். படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்த யாரோதான் சனிக்கிழமை வர்றாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிக் கூட்டிட்டு வாங்க."