குப்பியில் எழுதாத எண்

விளக்கு வைத்த பிறகு அந்தச் சத்தம் வந்தது. தகர டப்பாவுக்குள் செங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி, கடகடவென்று.

மிஷன் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள், அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் செசிலி ஓடினாள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின் மேசைமேல் குதித்துக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த சபுரா பாய்ந்து நிறுத்தினாள். உள்ளே ஒரு குழாய் சுக்குநூறு.

"எதிர்ப்பக்கம் எடைக்குத் தண்ணிக் குழாய் வைக்கலையா, மகராசி?" என்றாள் செசிலி. முகம் பதறினாலும் உள்ளுக்குள் மனசு குளிர்ந்தது.

"மறந்துட்டேன்க்கா. வார்டுல என் தப்புன்னு சொல்லிட்டு, மறுபடி ரத்தம் எடுத்துட்டு வரேன்."

இன்றைக்காவது சிஸ்டருக்குக் கண் திறக்கும் என்று செசிலி காத்திருந்தாள். கூடத்தின் தலைவி சிஸ்டர் பெர்னதெத், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ராத்திரிப் பொறுப்புச் சாவியைச் சபுராவிடமே கொடுத்து வார்டுக்கு அனுப்பினார். சபுராவைக் கூப்பிடும்போது மட்டும் அவர் குரலில் எங்கிருந்துதான் அந்தக் கனிவு வருமோ!

"நேத்து வந்தவ, சிஸ்டர். உடைச்சவளுக்குச் சாவியா? நான் ஒரு குழாய் உடைச்சதுண்டா? என் கன்ட்ரோல் ஒரு நாளாவது தப்பியிருக்கா?"

கன்ட்ரோல் என்பது விடை தெரிந்த திரவம். எண் குப்பியிலேயே அச்சிட்டிருக்கும். காலையில் முதலில் அதைச் சோதித்து, மெஷின் அதே எண்ணைச் சொன்னால்தான் நோயாளியின் ரத்தத்தைத் தொடலாம்.

"உன்னோடது தப்பினதே இல்ல," என்றார் சிஸ்டர். "சபுராவோடது அடிக்கடி தப்புது. வந்து சொல்றா."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"இன்னைக்கு உனக்கு முதல் தடவையே வந்துச்சா?"

செசிலி கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"முதல்ல குறைச்சலா காட்டுச்சு. திரும்ப ஓட்டினேன். அப்பவும் குறைச்சல். மூணாவதுல வந்துடுச்சு. வந்துடுச்சுல்ல, சிஸ்டர்?"

சிஸ்டர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். காலையில் காமாலைக்குப் பார்த்த பச்சைக் குழந்தையின் ரத்தம் இருந்தது. பயப்படுகிற அளவில்லை என்று செசிலி கொடுத்த ரிப்போர்ட்டை நம்பித்தான், விடிந்ததும் வீட்டுக்குப் போகத் தாய் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழாயை சிஸ்டர் செசிலியின் உள்ளங்கையில் வைத்தார்.

"கன்ட்ரோல் குப்பியில எண் எழுதியிருந்துச்சு. அது வந்ததும் நிறுத்திட்டே. இதுல ஒண்ணும் எழுதல, செசிலி. எதுல நிறுத்துவே?"



வார்டிலிருந்து சபுரா திரும்பி வந்தாள்.

"அந்தக் குழந்தையோட அம்மாவ நாளைக்குப் போக வேண்டாம்னு..." என்று தொடங்கிய செசிலி நிறுத்தினாள். "நீ இரு. நானே போய்ச் சொல்றேன்."

சொல்லிவிட்டு வந்தபோது, சபுரா புதுக் கன்ட்ரோல் குப்பி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அவள் செய்வதைப் பார்த்துக் கற்க, செசிலி பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பிறகு, இதை வேறு யாரும் பார்த்துவிடாதபடி, போய்க் கதவை உள்ளிருந்து தாழிட்டாள்.