பண்டிதரைப் பண்டிதரே விசாரித்த கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே கூவலூர்ச் சீமையை வீரகேயூரன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். என்ன, காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி.

அவன் சபையில் வழக்குரைஞர்களுக்கெல்லாம் ஒரு நீலச் சால்வை உண்டு. அது தோளில் இருந்தால்தான் அடுத்தவருக்காக வாய் திறக்கலாம். வழக்குரைஞன் தப்புப் பண்ணினால் சபையில் நிறுத்தித் திட்டுவார்கள்; அது கண்டனம். கொஞ்ச காலத்துக்குச் சால்வையை வாங்கி வைத்தால் இடைநீக்கம். ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டால் பெயர்நீக்கம். அப்புறம் அவன் மாடு மேய்க்கலாம், வழக்குப் பேச முடியாது.

இவர்களுக்குத் தலைவர் தாண்டவராய பண்டிதர். தன்னைவிட நன்றாகப் பேசுகிறவனை அவருக்குப் பிடிக்காது. நல்லக்குட்டி என்கிற இளைஞன் நன்றாகப் பேசினான். போதாதா?

ஒருநாள் காத்தாயி என்கிற விதவையின் வழக்கு வந்தது. அவள் கிணற்றைத் தன்னுடையது என்கிறான் முத்திருளாண்டி என்ற மிராசுதார். கிணறு போனால் கத்தரித் தோட்டமும் போச்சு, பிள்ளைகள் சோறும் போச்சு. அவளுக்காகப் பேச முன்வந்தவன் நல்லக்குட்டி ஒருத்தன்தான். அவன் எழுந்திருப்பதற்குள் பண்டிதர் எழுந்துவிட்டார்.

“மகாராஜா! இவன் கட்சிக்காரியைக் காட்டிக்கொடுத்தவன். எதிராளி முத்திருளாண்டி வீட்டுக்குப் போய் ரகசியம் பேசி, ஒரு கூடை மாம்பழம் வாங்கினான். என் கண்ணால் பார்த்தேன்.”

“அடப்பாவி! யார் விசாரிப்பது?”

“தலைவன் நான்தானே, நான்தான்.”

“தீர்ப்பு?”

“அதுவும் நான்தான். பெயர்நீக்கம் என்று யோசித்தும் வைத்துவிட்டேன்.”

“பிரமாதம்!” என்றான் ராஜா.

“அய்யோ சாமி, அவரு வாயை அடைச்சா எனக்கு ஆரு பேசுவா?” என்று காத்தாயி அழுதாள்.

மந்திரி சிவக்கொழுந்து முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “பண்டிதரே எல்லாம் செய்யட்டும், மகாராஜா. ஆனால் புகார்தாரருக்கு ஓர் ஆசனம், விசாரணையாளருக்கு ஒன்று, தீர்ப்பாளருக்கு ஒன்று போடுவோம். எந்த வேலையோ அந்த ஆசனத்தில் உட்காரட்டும்.”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். உடனே ஆசனங்கள் வந்தன.

பண்டிதர் விசாரணையாளர் ஆசனத்தில் உட்கார்ந்து, “எங்கே பார்த்தீர்?” என்றார். எழுந்து போய்ப் புகார்தாரர் ஆசனத்தில் உட்கார்ந்து, “முத்திருளாண்டி வீட்டுக் கூடத்தில்” என்றார். திரும்பி வந்து, “சரி, போதும்” என்றார்.

“எப்படிப் போதும்? அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேளும் ஓய்!” என்றான் ராஜா.

பண்டிதர் கேட்டார். எழுந்து போய் உட்கார்ந்து, “விருந்து” என்றார். “எதற்கு விருந்து?” என்று ராஜா விடவில்லை.

“அவர் என் சம்பந்தி.”

சபை சலசலத்தது. புகார்தாரருக்கு வேர்த்தது. விசாரணையாளருக்கும் வேர்த்தது.

“குற்றம் சாட்டப்பட்டவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே” என்றார் மந்திரி.

நல்லக்குட்டி கைகூப்பினான். “போனது நிஜம், மகாராஜா. சமாதானம் பேசலாம் என்று காத்தாயிதான் கூட்டிப்போனாள். பழக்கூடையைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.”

“ஆமாஞ்சாமி! ‘இவளை யாருடா உள்ளே விட்டது’ன்னு இந்தப் பெரியவருதான் எலைக்கு முன்னால குந்திக்கிட்டுக் கத்தினாரு” என்றாள் காத்தாயி.

“அப்புறம் கூடை என்ன ஆயிற்று என்று புகார்தாரரைக் கேளுங்கள், விசாரணையாளரே” என்றார் மந்திரி.

பண்டிதர் கேட்டார், நடந்தார், உட்கார்ந்தார். “நான்தான் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.”

“தீர்ப்பாளர் ஆசனம் காலியாக இருக்கிறது” என்று மந்திரி கை காட்டினார். பண்டிதர் அதில் விழுந்து, “புகார் தள்ளுபடி” என்றார்.

“பொய்ப் புகார் சொன்ன வழக்குரைஞருக்கு?” என்றான் ராஜா.

பண்டிதர் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து, “கண்டனம்” என்றார்.

“அப்போ திட்டும்.”

“பண்டிதரே, இனிமேல் இப்படிச் செய்யாதீர்.”

“புகார்தாரர் ஆசனத்தில் ஆளே இல்லையே?” என்றார் மந்திரி. பண்டிதர் ஓடிப்போய் அங்கே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ராஜா மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டான். “ஓர் ஏழையின் வாயை அடைக்கப் பார்த்தீரே ஓய்! ஒரு வருஷம் இடைநீக்கம். சால்வையைக் கழற்றும்.”

“மகாராஜா, சட்டப்படி எனக்கு மேல்முறையீடு உண்டு!”

“தாராளமாக. யாரிடம்?”

பண்டிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வழக்குரைஞர்களின் மேல்முறையீடெல்லாம் தலைவரிடம்தான் வரவேண்டும். அந்தச் சட்டம் எழுதியவரும் அவரேதான்.

“இன்னோர் ஆசனம் கொண்டுவரச் சொல்லட்டுமா?” என்று மந்திரி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

பண்டிதர் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தார். ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். புகார் சொல்கிறவர் வேறு, விசாரிக்கிறவர் வேறு, தீர்ப்புச் சொல்கிறவர் வேறு என்று அன்றே உத்தரவும் போட்டான். அப்புறம்தான் நல்லக்குட்டி எழுந்து பேசினான். கிணறு காத்தாயிக்கே என்று தீர்ப்பாயிற்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்குத் தண்ணீர் இறைக்க நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள்.